இரண்டு மீட்டர் தாலி

"தாலி அடா?" என்று கேட்டபடி
சொட்டும் குடையோடு நுழைகிறார் ரொஸ்லான்.
அடா என்பதற்குக் கோபிக்கக் கூடாது.
இருக்கிறதா என்று கேட்கிறார், அவ்வளவுதான்.
இருக்கிறது.
நீலம், பச்சை, அழுக்கு வெள்ளை.
மீட்டர் எண்பது காசு.
மலாயில் தாலி என்றால் கயிறு.
லாரியில் பழைய சோபாவை இறுக்கிக் கட்ட,
ஏழாம் மாடியில் துணி காயப்போட.

ரோவல் சாலைப் பின்சந்தில்
இந்த ஹார்ட்வேர் கடையில் சேர்ந்த புதிதில்
ஒரு கிலோ பாக்கு கேட்டார் ஒருவர்.
தேக்கா மார்க்கெட்டுக்கு வழி சொல்லி அனுப்பினேன்.
அவர் கையில் சுத்தியல் இருந்ததை
அப்புறம்தான் யோசித்தேன்.
பாக்கு என்றால் ஆணி.

தாலியும் பாக்கும் ஒரே ரசீதில் வந்த அன்று
கல்லாமேல் கவிழ்ந்து நான் சிரித்தது எதற்கென்று
முதலாளி தியோவுக்கு இன்றுவரை தெரியாது.
வெற்றிலை ஒன்றுதான் இங்கே ஸ்டாக் இல்லை.
என்னுடையது, மூன்று பவுன்,
பிஸ்கட் டின்னில் கிடக்கிறது
கோர்ட் காகிதங்களுக்கு அடியில்.

ஒருநாள் தள்ளுவண்டியோடு வந்த ரொஸ்லான்
"பாத்து!" என்று கத்தினார்.
துள்ளி விலகினேன். கால் தப்பியது.
அவர் சொன்னது வண்டியில் இருந்த சரக்கின் பெயர்,
கல்.
நம் எழுத்தில் இரண்டு ஒலிக்கும் ஒரே ப
என்பதால் பிழைத்தேன்.

இன்னொரு நாள் வாசலில் நின்று
"மாரி, மாரி" என்று கையசைத்தார்.
வா வா என்று என்னைத்தான் கூப்பிட்டார்.
வானம் அதைத் தமிழில் புரிந்துகொண்டது.
சிமெண்டு மூட்டை ஆறு நனைந்து போயிற்று.

லுவோ வந்து ஒரு மாதம் ஆகிறது.
அன்ஹுய் பக்கத்து ஆள், சாவி வெட்டுகிறவன்.
மங்கையர்க்கரசி அவன் வாயில் நுழையவில்லை.
அவனிடம் சீனம் மட்டும்,
என்னிடம் அது மட்டும் இல்லை.
மத்தியானம் பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்து
அவரவர் டப்பாவைத் திறக்கும்போது
ஏதாவது பேச வேண்டுமே என்று
நெஞ்சைத் தொட்டு "நான்" என்றேன்.

குழம்பினான்.
கைப்பேசியில் மூன்று எழுத்துகளைத் தட்டி
இதில் எது என்பதுபோல் நீட்டினான்.
கீழே தமிழில்:
ஆண்.
தெற்கு.
கஷ்டம்.

கடைசியைத் தொட்டேன்.

அவன் சிரிக்கவில்லை.
பாதி வெட்டிய சாவியால் என்னைச் சுட்டி
"நீ" என்றான்.
சுருக்கென்றது.
யார் இவன் என்னை நீ என்க?
வாடிக்கையாளர் எல்லாருக்கும் நான் நீங்கள்,
பையன்களுக்கு ஆன்ட்டி,
வக்கீல் கடிதத்தில் மனுதாரர்.
கடைசியாக நீ என்றவன்
குரலை உயர்த்தித்தான் சொன்னான்.
இவன் குரலோ தாழ்ந்து,
ஒரு பள்ளத்தில் இறங்கி,
மெல்ல ஏறி வருகிறது.

கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தேன்.
நீ என்றால் நீ.
யாரும் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை,
கப்பலில் யாரும் ஏற்றி அனுப்பவில்லை,
எங்கோ தற்செயலாக
இரண்டு வாய்கள் ஒரே மாதிரி திறந்திருக்கின்றன.

"நீ... நான்?" என்றான் மறுபடி.
அவன் கேட்டது: உனக்குக் கஷ்டமா?
என் காதில் விழுந்தது
வினைச்சொல் இல்லாத இரண்டு சொற்கள்,
பக்கத்தில் பக்கத்தில்.

பதில் சொல்லவில்லை.
எலுமிச்சை ஊறுகாயை அவன் பக்கம் நகர்த்தினேன்.
அவன் கண்ணில் நீர் வந்தது, உறைப்பால்.

ரொஸ்லான் இன்னும் கவுண்டரில் நிற்கிறார்.
இரண்டு மீட்டர் போதுமாம்.
அளந்து வெட்டி,
நைலான் நுனி பிரியாமலிருக்க
லைட்டரைக் காட்டி உருக்கி
விரலால் அழுத்தித் தருகிறேன்.
கொஞ்சம் சுடும்.
அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.